கியர்ப் பெட்டியைக் கழற்றுமுன்

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய மோட்டார் ஒருநாள் காலையில் ஓடவில்லை என்றால், அனுபவமுள்ள குடியானவர் எவரும் உடனே ஆட்களை அழைத்துக் குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கத் தொடங்குவதில்லை. மின்சாரம் வருகிறதா, மூன்று பேஸும் உள்ளனவா என்று முதலில் பார்க்கிறார். பிறகு ஸ்டார்ட்டர்ப் பெட்டியைத் திறக்கிறார். பியூஸ் போயிற்றா, ஒயரை எலி கடித்ததா, இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார். மோட்டாரே எரிந்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் கடைசியாகவே வருகிறார். ஏனெனில் மோட்டாரை வெளியே எடுப்பது செலவும் உழைப்பும் மிகுந்த வேலை என்பதை அவர் நன்கு அறிவார்.

அதே குடியானவர் கார் ஒன்றை வாங்கி, அதில் கியர் சரிவர மாறவில்லை என்று பட்டறைக்குச் சென்றால் நிலைமை வேறாகிவிடுகிறது. ‘கியர் பாக்ஸ் போய்விட்டது’ என்று அங்கே சொல்லப்பட்டால், அதை மறுத்துக் கேட்க அவருக்கு வகை தெரிவதில்லை. கிணற்று மோட்டாரைப் பற்றி அவருக்குள்ள அறிவு காரைப் பற்றி இல்லை என்பதே காரணம். ஆனால் இரண்டிலும் ஆராயவேண்டிய முறை ஒன்றேதான். அம்முறையை, காரின் கியர்ப் பெட்டியில் பொருத்தப்பட்டுள்ள வேக உணரி என்னும் சிறு உறுப்பையும் அதன் மின்சுற்றையும் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம். பட்டறைகளில் அதை ஸ்பீட் சென்சார் என்பார்கள். நாமும் சென்சார் என்றே எழுதுவோம்.

மலைச்சாலையும் தானாக மாறும் கியரும்

செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கொல்லிமலை வட்டாரத்தில் இது வெறும் வேடிக்கையான விஷயமன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாமக்கல்லுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மிளகும் காப்பியும் வாழையும் அன்னாசியும் இவ்வழியே இறங்கவேண்டும். பெரிய வைத்தியத்துக்குச் செல்லும் நோயாளியும் இவ்வழியே இறங்கவேண்டும். ஆகவே இங்கே வண்டி நின்றுபோவது, சமவெளியில் வண்டி நின்றுபோவதைப் போன்றதன்று.

கிளட்சை மிதிக்காமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் ஒருகாலத்தில் செல்வந்தர் வீடுகளில் மட்டுமே இருந்தன. 2014-ஆம் ஆண்டில் மாருதி செலெரியோ கார் இவ்வசதியுடன் குறைந்த விலையில் வந்தபின், இவ்வகை வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டின. இப்போது அவை இரண்டாம் விற்பனையாகக் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. வளைவுக்கு வளைவு கியர் மாற்றிச் சலித்த கைக்கு அவை பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கையால் மாற்றும் கியரில் கோளாறு வந்தால் கையே அதை உணர்ந்துவிடும். தானாக மாறும் கியரில் உணரவேண்டியது சென்சார். அந்த உணர்வு அற்றுப்போனால் வண்டி தன் பாதுகாப்புக்காக ஒரே கியரில் நின்றுகொள்ளும். சில வண்டிகளில் அது இரண்டாவது கியர், சிலவற்றில் மூன்றாவது; வேறு சில வண்டிகளில் கியரே விழாது.

ஏறும்போது இவ்வாறு நேர்ந்தால் வண்டி திணறும், சூடேறும், அவ்வளவே. இறங்கும்போது நேர்வதுதான் அஞ்சத்தக்கது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; கால் பிரேக்குக்கு வேலை குறைவு. மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்ட வண்டியில் அந்தப் பிடிப்பு போதாது. ஓட்டுபவர் பிரேக்கையே நம்பி இறங்குவார். பத்து வளைவுகள் தாண்டுமுன் பிரேக் சூடேறி, அதன் எண்ணெய் கொதிநிலைக்கு வந்து, மிதித்தால் கால் பஞ்சில் அழுந்துவதுபோல் அழுந்தும். ஆகவே மலையில் கியர் விளக்கு எரிந்தால், அகன்ற இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் ஆறவிடவேண்டும். மீண்டும் ஸ்டார்ட் செய்தால் கியர் பழைய நிலைக்கு வருவதுண்டு. அதனால் கோளாறு தீர்ந்தது என்று எண்ணி இறங்கத் தொடங்கக்கூடாது. கியர் நெம்புகோலைக் கையால் முதல் கியரிலோ இரண்டாவதிலோ வைத்து, அது அங்கே நிற்கிறதா என்று பார்த்தபிறகே இறங்கவேண்டும்; நிற்கவில்லையானால் வேறு வண்டியை அழைப்பதே முறை. எக்காரணத்தை முன்னிட்டும் நியூட்ரலில் உருட்டி இறங்கலாகாது.

நம் வட்டாரத்து வார்டு உறுப்பினர் ஒருவருக்கு ஐப்பசி மழைக்காலத்தில் இந்த அனுபவம் நேர்ந்தது. மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். இரண்டாம் விற்பனையில் தானியங்கிக் கியர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். பாதி மலை ஏறியபோது ஸ்பீடோமீட்டர் முள் திடீரெனக் கீழே விழுந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது, கியர் மாறவில்லை. நின்று ஆறி, மீண்டும் ஏறி, இரவு ஊர் சேர்ந்தார். மறுநாள் காலை வண்டி ஒரு குறையுமின்றி ஓடியது. மூன்றாம் நாள் மீண்டும் அதே கதை. சமவெளியில் ஒரு பட்டறையில் காட்டியபோது, கியர்ப் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்று கூறி, அவருடைய தோட்டத்து மிளகின் இரண்டாண்டு வருமானத்துக்கு நிகரான ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறொரு காரியமாக நம் அலுவலகத்துக்கு வந்தவர் அந்தக் காகிதத்தை நம்மிடம் காட்டினார். அதில் என்ன சோதித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

சென்சார் என்ன செய்கிறது?

பழைய ஜீப்புகளில் கியர்ப் பெட்டியிலிருந்து ஸ்பீடோமீட்டருக்கு ஒரு முறுக்குக் கம்பி செல்லும். சக்கரம் சுழலும் அளவுக்கு அக்கம்பியும் சுழன்று முள்ளை நகர்த்தும். கம்பி அறுந்தால் முள் நின்றுவிடும். வண்டியோ வழக்கம்போல ஓடும். அக்கம்பிக்குப் பதிலாக வந்ததே மின்சார சென்சார். ஆனால் அதன் பொறுப்பு முள்ளை நகர்த்துவதோடு நிற்பதில்லை.

தானியங்கிக் கியர்ப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் சுழற்சியை எண்ணும்; மற்றொன்று சக்கரங்களுக்கு வெளியே செல்லும் சுழற்சியை எண்ணும். இவ்விரண்டு எண்ணிக்கையையும் கட்டுப்பாட்டுப் பெட்டி என்னும் சிறு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எடுத்துக்காட்டாக, நிமிஷத்துக்கு 3,000 சுற்று உள்ளே வந்து 1,500 சுற்று வெளியே சென்றால் விகிதம் இரண்டு. எந்தக் கியருக்கு இரண்டு என்ற விகிதம் உரியதோ அந்தக் கியர் சரியாக விழுந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்கிறது. ஓர் எண்ணிக்கை வராமற்போனால், கியர் விழுந்ததா வழுக்குகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மேலும் கீழும் மாற்றும் முயற்சியையே அது கைவிட்டு, ஒரே கியரில் வண்டியை நிறுத்திவிடுகிறது. கியர்ப் பெட்டிக்குள் உள்ள பல்சக்கரங்கள் யாவும் நல்ல நிலையில் இருக்கும்போதே இவ்வாறு நேரலாம் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

எண்ணும் விதம் இரண்டு வகைப்படும். முதல் வகையில் ஒரு காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். அதன் முனைக்கு எதிரே பல் வெட்டிய இரும்பு வளையம் சுழலும். ஒவ்வொரு பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் சிறு மின்சாரம் துடிக்கும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவம் இதுவே. சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் இதனாலேயே. வண்டி வேகமாக ஓடினால் துடிப்பும் மிகும், வோல்ட்டும் உயரும். இவ்வகைச் சென்சாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் தரவேண்டியதில்லை. சாதாரணமாக இரண்டு ஒயர்களே இருக்கும்.

இரண்டாம் வகை, 1879-இல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்ட விளைவின்மேல் அமைந்தது. மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டின்மேல் காந்த விசை பட்டால் தகட்டின் இரு பக்கங்களுக்கு இடையே சிறு வோல்ட் தோன்றும். இதைப் பயன்படுத்தும் சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும். ஆகையால் மூன்று ஒயர்கள்: மின்சாரம் வருவது ஒன்று, எர்த் ஒன்று, செய்தி கொண்டுசெல்வது ஒன்று. வண்டி மிக மெதுவாக ஊர்ந்தாலும் இது சரியாக எண்ணும். முதல் வகை அந்த வேகத்தில் தடுமாறும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

கோளாறு ஏற்பட்டால் கம்ப்யூட்டர் அதை ஓர் எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 முனைகள் கொண்ட ஒரு துளைப்பெட்டி இருக்கும். அதில் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகினால் எண் தெரியும். அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் இவ்வமைப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதற்படியாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியாகவும் இது நடைமுறைக்கு வந்தது. இன்று கைக்கடக்கமான ஸ்கேனர் சிறு பட்டறைகளிலும் உண்டு.

பி 0715 என்பது உள்வரும் சுழற்சியை எண்ணும் சென்சாரின் சுற்றில் கோளாறு. பி 0720 என்பது வெளிச்செல்லும் சுழற்சியை எண்ணும் சென்சாரின் சுற்றில் கோளாறு. அதே வரிசையில் 0721 என்றால் செய்தி வருகிறது, ஆனால் பொருந்தவில்லை. 0722 என்றால் செய்தியே வரவில்லை. 0723 என்றால் விட்டுவிட்டு வருகிறது. பி 0500 என்பது வண்டி வேகத்தைக் காட்டும் சென்சாரைக் குறிப்பது.

இங்கேதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. எண் சுட்டுவது சுற்றையே அன்றி உறுப்பை அன்று. சுற்று என்பதில் சென்சாரும் உண்டு, அதிலிருந்து செல்லும் ஒயரும் உண்டு, கனெக்டர் என்னும் இணைப்பும் உண்டு, மின்சாரம் தரும் பியூஸும் எர்த்தும் உண்டு, முடிவில் கம்ப்யூட்டரும் உண்டு. 0720 என்று கண்டவுடன் புதிய சென்சார் வாங்கி மாட்டுபவர், பம்பு ஓடவில்லை என்றவுடன் புதிய மோட்டார் வாங்குபவரைப் போன்றவர். சில சமயம் அதிர்ஷ்டவசமாகச் சரியாகிவிடும். சென்சாரை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டியதால் துரு உரசி இணைப்பு சரியானது என்பதையும், பழைய சென்சார் நல்லதாகவே குப்பைக்குச் சென்றது என்பதையும் அவர் அறியமாட்டார். மழை வந்ததும் கோளாறும் திரும்பி வரும்.

எண்ணைப் படிப்பதற்கு முன் பாட்டரியைக் கழற்றக்கூடாது. பல வண்டிகளில் குறிப்பு அழிந்துபோகும். படித்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கோளாறு நேர்ந்தபோது வண்டி என்ன வேகத்தில், எஞ்சின் எத்தனை சுற்றில் இருந்தது என்ற விவரமும் கூடவே பதிவாகியிருக்கும். அதையும் எழுதிக்கொள்வது நலம்.

வண்டிக்காரரின் வாக்குமூலமும் எண்ணுக்குக் குறைந்ததன்று. எப்போது நேர்கிறது? மழையிலா, வெயிலிலா, குலுக்கலிலா, நெடுநேரம் ஏறிய பிறகா? ஸ்பீடோமீட்டரும் கூடவே நின்றதா? பல வண்டிகளில் முள்ளுக்கும் கியருக்கும் ஒரே சென்சார் செய்தி தருகிறது. அவ்வண்டிகளில் இரண்டும் சேர்ந்து கெட்டால் வெளிச்செல்லும் சென்சாரின் சுற்றைச் சந்தேகிக்கலாம். வேறு வண்டிகளில் முள் சக்கரத்துச் சென்சாரிலிருந்து வேகத்தைப் பெறும். அங்கே இக்கணக்கு பொருந்தாது. நம் உறுப்பினரின் வண்டியில் இரண்டும் சேர்ந்தே நின்றன. ஏறிச் சூடான பிறகு, வளைவில் குலுங்கும்போது நின்றன. ஆறிய காலையில் சரியாயின. கியர்ப் பெட்டிக்குள் பல் உடைந்திருந்தால் அது காலையில் மட்டும் ஒட்டிக்கொள்ளாது அல்லவா?

கண்ணும் மீட்டரும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, சொந்தமாக ஸ்கேனர் வைத்திருக்கும் ஓர் இளைஞரை அழைத்தோம். அவர் வாசித்த எண் 0722. பிறகு அவர் செய்ததை வரிசையாகக் கூறுகிறோம். இதைக் குடியானவரே செய்யவேண்டும் என்பதில்லை. செய்பவர் பக்கத்தில் நின்று என்ன செய்யப்படுகிறது என்று அறியும் அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் பாட்டரியை அளந்தார். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையிலும் இருக்கவேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் கண்டபடி எண்களை எழுதும். அந்நிலையில் மேற்கொண்டு அளப்பது வீண். அடுத்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கீழே பார்த்தார். சென்சார் கியர்ப் பெட்டியின் ஓட்டில் ஒற்றைப் போல்ட்டால் பொருத்தப்பட்டிருக்கும். (சில வண்டிகளில் இது பெட்டிக்கு உள்ளேயே இருக்கும், அதற்கு எண்ணெய்த் தட்டைக் கழற்றவேண்டும், அது சாலையோர வேலையன்று.) கனெக்டரைப் பிரித்துத் தண்ணீர், சேறு, பச்சைத் துரு, வளைந்த முனை உண்டா என்று பார்க்கவேண்டும். ஒயர் எங்கே உரசுகிறது, எங்கே சைலன்சர்க் குழாயை நெருங்குகிறது, எங்கே முன்பு யாரோ வெட்டி டேப் சுற்றியிருக்கிறார்கள் என்று விரலால் தடவிச் செல்லவேண்டும். கொட்டகையில் நிறுத்தும் வண்டியில் எலிப்பல் பட்ட ஒயர் அரிதன்று.

மேலே டேப் சுற்றிய இணைப்புகளைப் பற்றி ஒரு சொல். பின்னர் பொருத்தும் கருவிகள் பல, வேகச் செய்தி ஒயரிலிருந்தே கிளை எடுத்துக்கொள்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118-ஆவது விதி 2015-இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தயாராகும் போக்குவரத்து வண்டிகளுக்குச் சில விலக்குகளுடன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அக்கருவிக்கும் வேகச் செய்தி வேண்டும். பின்னர் பொருத்தப்பட்ட கருவியில் கிளை இணைப்பு சரியாகச் செய்யப்படவில்லை என்றால், கருவி மட்டுமன்றி மூலச் சுற்றும் கெடும். ஒரு வீட்டு இணைப்பு ஒழுகினால் தெருக்குழாயிலும் அழுத்தம் குறைவதைப் போன்றதே இது. பாட்டுப்பெட்டி, பின்பார்வைக் கேமரா, மூடுபனி விளக்கு ஆகியவற்றைப் பொருத்தியவர்களின் கைவேலையையும் இதே கண்கொண்டு பார்க்கவேண்டும்.

நம் உறுப்பினரின் வண்டியில் மூன்று ஒயர்ச் சென்சார். கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, மீட்டரால் அளந்தபோது மின்சார ஒயரில் 5 வோல்ட் இருந்தது. இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் 12 வோல்ட் இருக்கும். தயாரிப்பாளரின் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். இங்கே மின்சாரம் வராதிருந்தால் பியூஸையும், அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்றச் சென்சார்களையும் பார்க்கவேண்டும்; அவற்றில் ஒன்று உள்ளே குறுக்காகிவிட்டால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் அற்றுப்போகும். கனெக்டரை மீண்டும் மாட்டி, எர்த் ஒயருக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது. ஆகவே எர்த்தும் நன்று. பின்னர் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகள் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். செய்தி ஒயரில் வோல்ட் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எனவே சென்சார் உயிரோடிருந்தது.

இரண்டு ஒயர்ச் சுருள் வகையானால் சோதனை வேறு. கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளக்கவேண்டும். எத்தனை ஓம் என்பதைப் புத்தகமே சொல்லும். மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் உள்ளே சுருள் அறுந்தது, சுழி காட்டினால் குறுக்கானது. எந்த முனைக்கும் சென்சாரின் ஓட்டுக்கும் தொடர்பு இருக்கலாகாது. சக்கரம் சுழலும்போது ஏ.சி. வோல்ட் எழுந்து, வேகத்தோடு உயரவேண்டும். இச்சோதனையைச் சூடான நிலையிலும் செய்யவேண்டும். குளிர்ந்தபோது ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி, சூட்டில் விரிந்து பிரிவதுண்டு. மலை ஏறியபின் வந்து காலையில் மறையும் கோளாறுக்கு அதுவும் ஒரு காரணம். எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும்: இரண்டு ஒயர் உள்ளவை யாவும் சுருள் வகையல்ல. மின்சாரம் பெற்று இயங்கும் இரண்டு ஒயர்ச் சென்சார்களும் உள்ளன. அவற்றில் ஓம் அளப்பது பொருளற்றது, கெடுத்தும் விடலாம். எவ்வகை என்று அறியாமல் மீட்டரை வைக்கக்கூடாது.

இனி எஞ்சியது ஒயர். பாட்டரியைக் கழற்றி, ஒயரின் இரு முனைகளிலும் கனெக்டர்களைப் பிரித்துவிட்டு, செய்தி ஒயருக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்தார். தொடர்பில்லை. ஒயர்க்கட்டைக் கையால் பிடித்து அசைத்துக்கொண்டே பார்த்தபோது, ஓரிடத்தில் மீட்டர் கீச்சிட்டது. முன் உரிமையாளர் பனிக்காலத்துக்காக மூடுபனி விளக்குப் பொருத்தியிருக்கிறார். அதன் ஒயரைக் கொண்டுசென்றவர், சென்சாரின் ஒயர்க்கட்டையும் சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டார். அதனால் கட்டு இடம்பெயர்ந்து சைலன்சர்க் குழாயை நெருங்கியது. நெடுநேரம் ஏறிக் குழாய் சூடேறும்போது மேலுறை இளகி, உள்ளே செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வளைவில் வண்டி சாயும்போது செம்பு குழாயைத் தொடும். தொட்டவுடன் செய்தி அற்றுப்போகும். குளிர்ந்து நேராக நின்ற வண்டியில் எல்லாம் நன்றாகவே காட்டும். பட்டறையில் அவ்வாறு நின்ற வண்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒயரைத் துளைத்து ஊசி செருகிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நம் மலையின் ஈரத்தில் அந்தத் துளையே மறு மழைக்குத் துருவாகிவிடும். கனெக்டரின் பின்புறமாக மெல்லிய முனையைச் செலுத்தி அளப்பதே முறை. அறுந்த இடத்தைச் சேர்க்கும்போது முறுக்கி டேப் சுற்றினால் போதாது. ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடவேண்டும். சுருள் வகைச் சென்சாரின் இரு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தால் அது அழகுக்கு அன்று. மற்ற மின்சாரத்தின் இரைச்சல் ஏறாதிருக்கவே. பழுது பார்த்தபின் அம்முறுக்கை மீண்டும் போட்டுவிட வேண்டும்.

சென்சாரைக் கழற்ற நேர்ந்தால்

ஒயர் நன்றாக இருந்து, சென்சார் சந்தேகத்துக்குரியதானால் அதைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் முனை காந்தமாதலால் கியர்ப் பெட்டியின் தேய்மானத் தூளைத் தன்பால் இழுத்து வைத்திருக்கும். விபூதிபோன்ற மெல்லிய கருந்தூள் இயல்பானது, துடைத்துவிட்டால் போதும். சிலசமயம் அந்தத் தூளே பல்லுக்கும் சென்சாருக்கும் இடையே திரையாகிச் செய்தியைக் கெடுத்திருக்கும். கையில் குத்தும் இரும்புச் சில்லுகள் இருந்தால் அது வேறு விஷயம். அப்போது கியர்ப் பெட்டி உண்மையாகவே நோயுற்றிருக்கிறது, பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். பல் வளையத்தில் ஒரு பல் உடைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை செய்தி தவறும். வண்டி சீரான இடைவெளியில் வெட்டும். புதிய சென்சார் போடும்போது ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடவேண்டும், இல்லையேல் எண்ணெய் கசியும்.

கம்ப்யூட்டரைப் பழிப்பது இத்தனைக்கும் பிறகே. அது கெடுவது குறைவு, விலையோ அதிகம்.

அரசு வண்டிகளைக் குறித்தும் சிறிது சொல்லவேண்டும். அலுவலக ஜீப்பு கையால் கியர் மாற்றுவதானாலும் அதில் வேகச் சென்சார் உண்டு. அது நின்றால் கிலோமீட்டர்க் கணக்கும் நின்றுவிடும். வண்டியோ ஓடிக்கொண்டேயிருக்கும், டீசலும் தீர்ந்துகொண்டேயிருக்கும். லாக் புத்தகத்தில் எழுத எண் இராது. எண்ணெய் மாற்றவேண்டிய கிலோமீட்டர் கடந்துபோனதும் தெரியாது. தணிக்கைக்காரர் கேட்கும்போது சென்சாரைக் காட்டிப் பயனில்லை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆகவே முள் நின்ற அன்றே லாக் புத்தகத்தில் குறிப்பெழுதி, பழுது பார்க்க அனுப்புவது உத்தமம். ஊராட்சியோ ஒன்றியமோ பணம் கொடுக்கும் எந்தப் பழுதுக்கும், ஸ்கேனரில் கண்ட எண், மீட்டரில் கண்ட அளவு, மாற்றிய உறுப்பு ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதித் தருமாறும், பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறும் கேட்க உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. நல்ல மெக்கானிக் இதற்கு முகஞ்சுளிப்பதில்லை. அளந்தவருக்கு எழுதுவதில் என்ன கஷ்டம்?

வேலை முடிந்தபின் இளைஞர் எண்ணை அழித்துவிட்டு, செம்மேட்டைச் சுற்றியுள்ள மேட்டு நிலச் சாலையில் முதலில் ஓட்டிப் பார்த்தார். ஸ்கேனர் காட்டும் வேகமும் முள் காட்டும் வேகமும் ஒத்திருந்தன. சில வண்டிகளில் பழுதுக்குப்பின் கியரின் நிலைகளைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கவேண்டும். இவ்வண்டிக்கு அது தேவைப்படவில்லை. எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, மறுநாள் பகல் வெளிச்சத்தில், காரவள்ளிவரை இறங்கி ஏறிவந்தார்கள். எண் திரும்ப எழவில்லை. செலவானது ஒரு முழ ஒயரும், உறையும், இளைஞரின் அரைநாள் கூலியும். மூடுபனி விளக்கை எடுத்துவிடலாமா என்று உறுப்பினர் கேட்டார். மார்கழியில் அது வேண்டியிருக்கும் என்பதால், அதன் ஒயரை மட்டும் சைலன்சருக்கு மறுபக்கமாகக் கொண்டுசென்று தனியே கட்டச் சொன்னோம்.